மரத்தவளையின் தோல் சுரப்பிகளும் பெப்டைடுச் சுரப்பும்: விருதுநகர், சிவகாசி வறண்ட நிலப்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தவளையின் தோலில் சுரக்கும் பெப்டைடுகள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் மருந்துப் பயனையே மையமாகக் கொண்டுள்ளன. அப்பெப்டைடுகளைச் சுரக்கும் சுரப்பிகள் எப்போது, எதன் தூண்டலால் உருவாகின்றன என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. தலைப்பிரட்டை தவளையாக மாறும் குறுகிய காலத்தில் தைராய்டு ஹார்மோனின் தூண்டலால் இச்சுரப்பிகள் தோன்றுகின்றன. சிவகாசிப் பகுதி நிலத்தடி நீரில் கண்டறியப்பட்ட பெர்குளோரேட், அந்த ஹார்மோனின் உருவாக்கத்தைத் தடுக்கும் வேதிப்பொருளாகும். இவ்விரு செய்திகளையும் இணைத்து, வறண்ட நிலத்தில் வாழும் புள்ளி மரத்தவளையின் தோலை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரத்தவளை, துகள் சுரப்பி, பெப்டைடு, உருமாற்றம், தைராய்டு, பெர்குளோரேட், சிவகாசி

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை அமைந்துள்ளது. திருவில்லிபுத்தூரை அடுத்த அம்மலைக்காடு 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2021ஆம் ஆண்டு திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அங்கிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் சிவகாசி உள்ளது. மலையை விட்டு இறங்கியதும் நிலம் மாறிவிடுகிறது. கரிசலும் செம்மண்ணும் கலந்த வெளி, வானம் பார்த்த கண்மாய்கள், நீண்ட கோடை, வடகிழக்குப் பருவமழையை நம்பிய சில வாரங்கள் என்பதே அந்நிலத்தின் ஆண்டுக் கணக்கு.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியின் தொழில் வரலாறு தொடங்குகிறது. தீப்பெட்டியும் அதன்பின் பட்டாசும் இங்கே வேரூன்றியதற்குக் கூறப்படும் காரணங்களுள் முதன்மையானது இந்த வறட்சியாகும். குச்சியின் முனையிலும் திரியிலும் ஏற்றிய மருந்து காய்வதற்கு ஈரமற்ற காற்று வேண்டும். தோலாலும் மூச்சுவிட்டு, தோல் வழியாகவே நீர் உறிஞ்சி வாழும் உயிரினத்திற்கோ இதே காற்று ஓயாத சோதனையாகும். ஆயினும் இங்குள்ள வீடுகளின் குளியலறைச் சுவரிலும், கிணற்றின் உட்சுவரிலும், மோட்டார் அறையிலும், சிமெண்டுத் தொட்டியின் விளிம்பிலும் ஒரு மரத்தவளை ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அது புள்ளி மரத்தவளை. அறிவியல் பெயர் பாலிபெடேட்ஸ் மாக்குலேட்டஸ். ஜான் எட்வர்ட் கிரே 1830ஆம் ஆண்டு இதனை அறிவியல் உலகிற்கு விவரித்தார். சுண்ணாம்பு பூசிய சுவர்களில் ஒட்டியிருக்கும் பழக்கத்தால் ஆங்கிலேயர் காலத்தில் இதற்குச் ‘சுண்ணத் தவளை’ என்ற பொருளுடைய பெயரும் வழங்கியது.

தேரை என்னும் பெயர்

இத்தவளையைத் தென்மாவட்டங்களில் பலர் ‘தேரை’ என்பர். பள்ளிப் பாடநூல்களோ அச்சொல்லைச் சொரசொரப்பான தோலுடைய, நிலத்தில் தத்திச் செல்லும் வேறோர் உயிரினத்திற்கு வழங்குகின்றன. மக்கள் வழக்கில் அது சொறித்தவளை. குறுந்தொகை 193ஆம் பாடலில் வரும் தேரை சுனையில் வாழ்கிறது. அதன் ஒலி தட்டைப்பறையின் ஒலிக்கு ஒப்பிடப்படுகிறது. ஆக, ஒரே சொல் மூன்று வகை உயிர்களைச் சுட்டக்கூடிய நிலை உள்ளது.

இதனைச் சொல்லாராய்ச்சி மட்டும் சார்ந்த சிக்கலாகக் கருதிவிட முடியாது. தோலின் வேதியியலில் இவ்வுயிர்கள் பெரிதும் வேறுபடுகின்றன. சொறித்தவளையின் கண்ணுக்குப் பின்புறமுள்ள பருத்த சுரப்பி, பூஃபாடையினோலைடு எனப்படும் ஸ்டீராய்டு நச்சுகளைச் சுரக்கிறது. இவை செல்சவ்விலுள்ள சோடியம் – பொட்டாசியம் ஏற்றியைத் தடுத்து இதயத் துடிப்பைப் பாதிப்பவை. பெப்டைடுகளால் புகழ்பெற்ற தவளைகள் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ‘தேரையின் தோலில் நஞ்சு உண்டு’ என்னும் ஊர்வழக்குச் செய்தியைப் பதிவு செய்யும் ஆய்வாளர் எந்தத் தேரை என்று கேட்டுக் குறிக்காவிடில், அப்பதிவு வேதியியலாருக்குப் பயன்படாது. இக்கட்டுரையில் குழப்பம் தவிர்க்க ‘மரத்தவளை’ என்ற சொல்லே ஆளப்படுகிறது.

தோலின் அமைப்பும் இருவகைச் சுரப்பிகளும்

வளர்ந்த தவளையின் தோல் மேல்தோல், அடித்தோல் என இரு அடுக்குகளால் ஆனது. மேல்தோலின் வெளிப்புறத்தில் கெரட்டின் ஏறிய மிக மெல்லிய படலம் உள்ளது. சுரப்பிகள் அடித்தோலின் மேற்பகுதியில் குடுவை போலப் புதைந்து, குறுகிய நாளத்தின் வழியே வெளிப்புறம் திறக்கின்றன. அவற்றுள் சளிச் சுரப்பிகள் எண்ணிக்கையில் மிகுந்தவை, சிறியவை. தோலை ஈரமாக வைத்து வளிமாற்றத்திற்கு உதவும் வழவழப்பான நீர்மத்தை இவை அன்றாடம் சுரக்கின்றன. மற்றொன்று துகள் சுரப்பி. நச்சுச் சுரப்பி என்றும் கூறுவர். பெப்டைடுகள், அமீன்கள், சில இனங்களில் ஆல்கலாய்டுகள் ஆகியன துகள் வடிவில் இதனுள் சேமிக்கப்படுகின்றன.

துகள் சுரப்பி அன்றாடம் சுரப்பதில்லை. அதன் உட்சுவரில் செல்களின் எல்லைகள் மறைந்து பல உட்கருக்கள் கொண்ட ஒரே கூட்டுத்திரளாக இருக்கின்றன. அதனைச் சுற்றித் தசைத்தன்மை கொண்ட மேலணி செல்கள் கூடை போலப் பின்னியுள்ளன. எதிரியின் பிடி, காயம், கடும் அச்சம் ஆகியவற்றின்போது பரிவு நரம்புகள் நார்அட்ரீனலினை வெளியிட, அக்கூடை சுருங்கிச் சுரப்பியைப் பிழிகிறது. சேமித்த பொருள் முழுதும் ஒரே வீச்சில் தோலின்மேல் வந்து சேர்கிறது. காலியான சுரப்பி மீண்டும் நிறைவதற்கு வாரக்கணக்கில் ஆகும். இந்த இயக்கத்தை அறிந்தபின், தவளையைக் கொல்லாமலேயே சுரப்பைச் சேகரிக்க ஆய்வாளர்களுக்கு வழி கிடைத்தது. நார்அட்ரீனலின் ஊசியோ மிக மெல்லிய மின்தூண்டலோ கொடுத்து, தோலைக் கழுவிய நீரைச் சேகரித்துவிட்டு, தவளையைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

பெப்டைடு உருவாகும் முறையிலும் ஒரு கட்டுப்பாடு தெரிகிறது. அது முதலில் நீண்ட முன்புரதமாகத் தொகுக்கப்படுகிறது. தொடக்கத்தில் சுரப்புப் பாதைக்கு வழிகாட்டும் குறிப்புத் தொடர், நடுவில் அமிலத்தன்மை மிக்க இடைத்தொடர், முடிவில் செயல்படும் பெப்டைடு என அம்முன்புரதம் அமைந்துள்ளது. நேர்மின்னேற்றம் கொண்ட பெப்டைடு செல்சவ்வுகளைத் துளைக்கவல்லது. அதனைச் சுரக்கும் செல்லே அதனால் அழிந்துவிடாதபடி, எதிர்மின்னேற்றம் கொண்ட இடைத்தொடர் அதன் வீரியத்தை அடக்கி வைத்திருக்கிறது என்று கருதப்படுகிறது. நொதி அவ்விடைத்தொடரை வெட்டி நீக்கிய பின்னரே பெப்டைடு செயல்திறன் பெறுகிறது.

வறட்சியும் தோல் துடைப்பும்

மரத்தவளையின் தோல் சுரப்பு என்றதும் பெப்டைடை மட்டும் எண்ணுவது பிழை. வறண்ட நிலத்தில் அதன் முதல் தேவை நீரைக் காப்பதாகும். தென் அமெரிக்காவின் வறண்ட சாக்கோ பகுதியில் வாழும் ஃபைலோமெடூசா சவாஜி என்னும் மரத்தவளை, தனிப்பட்ட கொழுப்புச் சுரப்பிகளிலிருந்து மெழுகைச் சுரந்து, நான்கு கால்களாலும் உடல் முழுதும் பூசிக்கொள்கிறது. பூசியபின் அதன் நீரிழப்பு ஊர்வனவற்றின் அளவுக்குக் குறைந்துவிடுவதை 1970களில் சூமேக்கரும் மெக்கிளானகனும் காட்டினர்.

இதற்கு இணையான செயல் இந்தியப் புள்ளி மரத்தவளையிலும் உண்டு. ஹார்வி லில்லிவைட், வாரணாசி பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் மித்தல் ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, இத்தவளை கால்களால் உடலைத் துடைத்துக்கொள்ளும் ஒழுங்கான அசைவுத் தொடரை விவரிக்கிறது. சுரந்த சளியும் கொழுப்பும் கலந்து தோலின்மேல் படலமாகப் பரவுகின்றன; அதனால் நீரிழப்பு குறைகிறது. சாக்கோ தவளையின் மெழுகுப் போர்வைக்கு இது ஈடாகாது, மட்டான தடுப்பே. ஆனால் உடலை ஒடுக்கி, கால்களை மடித்து, நிழலான சுவரில் அசையாது ஒட்டியிருக்கும் பழக்கத்துடன் சேர்த்துப் பார்த்தால், சிவகாசியின் கோடைப் பகலைக் கழிக்க இந்த மட்டான தடுப்பும் பெருந்துணையாகும். அடுத்த ஆண்டே அக்குழுவினர், இதே தவளை வெயிலில் அமர்வதையும், வெப்பம் மிகும்போது சளிச் சுரப்பால் ‘வியர்த்து’ உடலைக் குளிர்விப்பதையும் பற்றி எழுதினர். ஒரே தோல் ஒரு வேளையில் நீரைக் காக்கிறது, மற்றொரு வேளையில் நீரைச் செலவிட்டு உயிரைக் காக்கிறது.

தோலில் கிடைத்த பெப்டைடுகள்

தவளைத் தோலைப் பெப்டைடுக் களஞ்சியமாக உலகிற்குக் காட்டியவர் இத்தாலிய மருந்தியலாளர் விட்டோரியோ எர்ஸ்பாமர். 1960களிலிருந்து அவரது குழு பல நாட்டுத் தவளைகளின் தோலை ஆராய்ந்தது. ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையிலிருந்து கிடைத்த செருலீன், மனிதக் குடலின் கோலிசிஸ்டோகைனின் ஹார்மோனை ஒத்தது, பித்தப்பையைச் சுருக்கவல்லது. எலிகளில் கணைய அழற்சியை உண்டாக்கி ஆராய்வோர் இன்றும் அதையே பயன்படுத்துகின்றனர். நெருப்புவயிற்றுத் தவளையிலிருந்து பாம்பெசின் கிடைத்தது. மேலே சொன்ன சாக்கோ மரத்தவளையிலிருந்து 1981ஆம் ஆண்டு கிடைத்த டெர்மார்ஃபின் மார்ஃபினை விஞ்சும் வலிநீக்கி. விலங்குகளின் பெப்டைடுகளில் இடஞ்சுழி அமினோ அமிலங்களே இருக்கும் என்னும் கருத்தை அது அசைத்தது. அதன் இரண்டாம் இடத்தில் வலஞ்சுழி அலனைன் இருந்தது.

நுண்ணுயிர் எதிர்ப்புப் பக்கத்தைப் பரவலாக அறியச் செய்தவர் மைக்கேல் சாஸ்லாஃப். முட்டைச் செல்களுக்காக ஆப்பிரிக்க நகத்தவளைகளை அறுவை செய்து, தூய்மையற்ற தொட்டியிலேயே திரும்ப விட்டபோதும் காயங்கள் சீழ் பிடிக்காமல் ஆறுவதை அவர் கவனித்தார். 1987ஆம் ஆண்டு, 23 அமினோ அமிலங்கள் கொண்ட இரு மகைனின்களைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். அப்பெயர் கேடயத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. அதன்பின் தவளைத் தோல் மருந்துக்கடையாகவே பேசப்படலாயிற்று. அப்பேச்சில் மிகை உண்டு. மகைனினை ஒட்டி உருவாக்கப்பட்ட பெக்சிகனான் என்னும் மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999இல் ஒப்புதல் மறுத்தது. சோதனைக்குழாயில் பாக்டீரியாவைக் கொல்வது ஒன்று. நோயாளியின் புண்ணில், இருக்கின்ற மருந்தைவிட மேலாகச் செயல்படுவது வேறொன்று.

இந்தியாவில் இத்துறையின் இரு சான்றுகள் குறிப்பிடத்தக்கவை. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த நாகராஜ், சீதாராம் ஆகியோரின் குழு 2001ஆம் ஆண்டு இந்தியக் காளைத் தவளையிலிருந்து டைகெரினின்கள் என்னும் நான்கு பெப்டைடுகளை விவரித்தது. 11 அல்லது 12 அமினோ அமிலங்களே கொண்ட இவை, தவளைப் பெப்டைடுகளுள் மிகச் சிறியனவற்றைச் சேர்ந்தவை. இரு சிஸ்டீன்களின் இணைப்பால் ஒன்பது அமினோ அமில வளையம் ஒன்று இவற்றில் அமைகிறது. காளைத் தவளை தமிழகக் கண்மாய்களில் மழைக்காலத்தில் மஞ்சள் நிறத்தில் கூடி ஒலிக்கும் அதே தவளைதான். இரண்டாவது சான்று கேரளத்தைச் சார்ந்தது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் இணைந்து, ஹைட்ரோஃபைலாக்ஸ் பகுவிஸ்தாரா என்னும் தவளையின் தோல் பெப்டைடுகளைச் சோதித்தன. எச்1 வகை இன்ஃபுளுயன்சா வைரசை அழிக்கும் 27 அமினோ அமிலப் பெப்டைடு 2017ஆம் ஆண்டு வெளியாயிற்று. களரியில் சுழற்றப்படும் வளைவாளின் பெயரால் அதற்கு ‘உருமின்’ என்று பெயரிட்டனர். வைரசின் தலைப்பகுதி ஆண்டுதோறும் மாறினாலும் அவ்வளவாக மாறாத தண்டுப்பகுதியை அது பற்றுகிறது என்பதே அக்கண்டுபிடிப்பின் சிறப்பு.

இவ்விரண்டும் மரத்தவளைகள் அல்ல என்பதை இங்கே சுட்டவேண்டும். புள்ளி மரத்தவளை அடங்கிய ராகோஃபோரிடே குடும்பத்தில் பெப்டைடு ஆய்வு, ரானிடே, ஹைலிடே குடும்பங்களோடு ஒப்பிட மிகக் குறைவு. எல்லாத் தவளைக் குடும்பங்களிலும் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகள் ஒரே அளவில் இல்லை என்றும், அவை சில கிளைகளில் மட்டும் ஆங்காங்கே தோன்றியவை என்றும் மைக்கேல் கான்லன் வாதிட்டுள்ளார். ஆகவே ஆஸ்திரேலிய, தென் அமெரிக்க மரத்தவளைகளின் முடிவுகளை இந்திய மரத்தவளைக்கு அப்படியே ஏற்றிச் சொல்லக்கூடாது. மரத்தில் ஏறும் வாழ்க்கை இரு குடும்பங்களிலும் தனித்தனியே தோன்றியது. விரல் நுனித் தட்டுகள் ஒத்திருப்பதால் தோலின் வேதியியலும் ஒத்திருக்க வேண்டியதில்லை.

சுரப்பி பிறக்கும் காலம்

தலைப்பிரட்டையின் தோலில் மேற்கூறிய சுரப்பிகள் இல்லை. அதன் மேல்தோல் மெல்லியது, கெரட்டின் ஏறாதது. கால்கள் வளர்ந்து வால் குறுகத் தொடங்கும் கட்டத்தில் மேல்தோலின் அடிப்பகுதிச் செல்கள் மொட்டுகளாகக் கூடி, அடித்தோலுக்குள் இறங்கி, உள்ளே குழிந்து, சளிச் சுரப்பியாகவும் துகள் சுரப்பியாகவும் பிரிகின்றன. கரைந்து மறையவேண்டிய வாலின் தோல் இம்மாற்றத்தில் பங்கேற்பதில்லை.

இவற்றை நடத்துவது தைராய்டு ஹார்மோன். ரெய்லி, டோமாசினி, சாஸ்லாஃப் ஆகிய மூவரும் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, நகத்தவளையில் வளர்ந்துவரும் துகள் சுரப்பிகளில் மகைனின் மரபணு செயல்படத் தொடங்குவதையும், அச்செயலைத் தைராய்டு ஹார்மோன் தூண்டுவதையும் காட்டியது. சுரப்பி என்னும் கலமும், அதனுள் நிறையும் பெப்டைடும் ஒரே ஹார்மோனின் கட்டளைக்குக் காத்திருக்கின்றன.

இக்காலம் வேறொரு வகையிலும் இடர் மிக்கது. உருமாற்றத்தின்போது தலைப்பிரட்டையின் நோய் எதிர்ப்புச் செல்கள் பெருமளவு அழிந்து, தவளைக்குரியவை புதிதாக உருவாகின்றன. அதே வேளையில் தோலில் கெரட்டின் ஏறுகிறது. உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சைக்கு அக்கெரட்டினே வாழிடம். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் அப்பூஞ்சை பதிவாகியுள்ளது. எனினும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கண்டது போன்ற பேரழிவு இங்கே காணப்படவில்லை. நீரை விட்டுக் கரையேறும் சிறு தவளைக்குப் பழைய காப்பு போய்விட்டது, புதியது முழுமையாக வரவில்லை. தோலில் உடனே செயல்படக்கூடிய காப்பு, பெப்டைடு சுரக்கும் இனமாயின், துகள் சுரப்பியின் சேமிப்பாகும். சூழல் நஞ்சு இச்சேமிப்பைக் குறைக்கக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. கலிபோர்னியாவின் ரானா பாய்லி தவளைக் குஞ்சுகள் கார்பரில் பூச்சிக்கொல்லிக்கு உட்பட்டபோது தோல் பெப்டைடுகள் குறைந்ததை 2007இல் டேவிட்சனும் குழுவினரும் பதிவு செய்தனர்.

பெர்குளோரேட்: கிணற்றிலிருந்து தொட்டிக்கு

வாணவெடிகளுக்கு ஆக்சிஜன் தரும் உப்புகள் வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட், பேரியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்குளோரேட் ஆகியன பட்டாசுக்கும், பொட்டாசியம் குளோரேட் தீக்குச்சிக்கும் பயன்படுகின்றன. இவற்றுள் பெர்குளோரேட் அயனி நீரில் நிலைத்து நிற்பது. மண்துகள்களில் அவ்வளவாக ஒட்டாது. மழைநீருடன் எளிதாகக் கீழிறங்கும்.

ஜப்பானின் தனபே, இசோபே ஆகியோரும் தமிழக ஆய்வாளர்களும் இணைந்து சிவகாசி, மதுரை நீர்நிலைகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இதற்கு அடிப்படைத் தரவாகும். 60 நிலத்தடி நீர் மாதிரிகளில் பெர்குளோரேட் லிட்டருக்கு 0.005 மைக்ரோகிராமுக்கும் குறைவு முதல் 7,690 மைக்ரோகிராம் வரை இருந்தது. பட்டாசு ஆலைப் பகுதியில் அளவு தெளிவாக மிகுந்திருந்தது. சிவகாசியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளுள் 17, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு குடிநீருக்கு முன்வைத்த 15 மைக்ரோகிராம் அளவைத் தாண்டின. மதுரையில் ஒன்றும் தாண்டவில்லை. 11 மேற்பரப்பு நீர் மாதிரிகளில் உச்ச அளவு 30.2 மைக்ரோகிராம்.

பெர்குளோரேட் உடலுக்குள் செய்வது எளிய வஞ்சகம். தைராய்டு ஹார்மோனுக்கு அயோடின் தேவை. அயோடைடைத் தைராய்டு செல்லுக்குள் கொண்டுசெல்வது சோடியம் – அயோடைடு கடத்தி. வடிவிலும் மின்னேற்றத்திலும் அயோடைடை ஒத்த பெர்குளோரேட் அக்கடத்தியைப் பற்றிக்கொள்கிறது. மனிதக் கடத்தியில் அதன் தடுப்பு வலிமை அயோடைடைவிட ஏறத்தாழ 30 மடங்கு. நைட்ரேட்டும் இதே கடத்திக்குப் போட்டியிடுவதுதான், வலிமை மிகக் குறைவாயினும். பட்டாசு மருந்தும் வயல் உரமும் ஒரே நிலத்தில் சேரும் இடத்தில் இக்கூட்டு விளைவை ஒதுக்கிவிட முடியாது.

தவளையில் இதன் விளைவை அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோல்மன் குழுவினர் 2002ஆம் ஆண்டு காட்டினர். அம்மோனியம் பெர்குளோரேட் கலந்த நீரில் 70 நாள் வளர்ந்த நகத்தவளைத் தலைப்பிரட்டைகளில் முன்கால் வெளிப்படுதல், பின்கால் வளர்ச்சி, வால் கரைதல் ஆகிய மூன்றும் செறிவு மிக மிகத் தடைப்பட்டன. மாசடைந்த மேற்பரப்பு நீர்நிலைகளில் பதிவான அளவுகளிலும் அவற்றுக்குக் கீழும்கூட இவ்விளைவு தெரிந்தது. உயிரைக் கொல்லும் அளவோ அதைவிடப் பலமடங்கு மிகுதி. அதாவது, செத்து மிதக்கும் தலைப்பிரட்டைகளைத் தேடிச் செல்வோர் எதையும் காணமாட்டார்கள். கால் முளைக்காமல், வழக்கத்தைவிடப் பருத்து, நாள் கடந்தும் நீரிலேயே திரியும் தலைப்பிரட்டைகளே தைராய்டுத் தடையின் அடையாளம்.

இங்கே ஓர் எதிர்வாதம் நியாயமாக எழும். தலைப்பிரட்டை வாழ்வது மேற்பரப்பு நீரில். அங்கே உச்ச அளவு 30.2 மைக்ரோகிராம்தானே? இதற்குப் புள்ளி மரத்தவளையின் இனப்பெருக்க முறையே விடை தருகிறது. நீருக்கு மேலே தொங்கும் இலையிலோ சுவரிலோ அது நுரைக்கூடு கட்டி முட்டையிடுகிறது. பெண் தவளை வெளியிடும் நீர்மத்தைப் பின்கால்களால் அடித்து நுரையாக்குகிறது. நுரையின் வெளிப்புறம் காய்ந்து, உட்புறம் ஈரமாகவே இருக்கிறது. பொரித்த குஞ்சுகள் கீழேயுள்ள நீரில் விழுகின்றன. காட்டில் அக்கீழ்நீர் மழைக்குட்டை. வறண்ட சமவெளியிலோ அது பெரும்பாலும் கிணறு அல்லது ஆழ்துளைக் கிணற்று நீர் நிரப்பிய சிமெண்டுத் தொட்டி. மரத்தவளையின் தலைப்பிரட்டை இவ்வாறு நிலத்தடி நீரிலேயே வளர நேர்கிறது. மேற்பரப்பு நீர் அளவைக் கொண்டு இதன் இடரை மதிப்பிடுவது பொருந்தாது. காளைத் தவளைக்கு அக்கணக்கு பொருந்தலாம். அது மழைநீர் தேங்கிய கண்மாயிலும் வயலிலும் முட்டையிடுவது.

தடை ஏற்பட்டால் விளைவு நீர்நிலையைப் பொறுத்து மாறும். சிறு குட்டையில், உருமாற்றம் தள்ளிப்போவது என்பது நீர் வற்றும் நாளுக்குள் கரையேற முடியாமல் போவது. வற்றாத தொட்டியில் தலைப்பிரட்டை பிழைத்திருக்கும், பிந்தியேனும் தவளையாகலாம். அவ்வாறு கரையேறும் தவளையின் தோலில் சுரப்பிகள் உரிய எண்ணிக்கையில் உள்ளனவா, சளிப்படலம் வறட்சிக்குத் தாங்குமா என்பன கால் முளைத்ததா என்று பார்ப்பதால் மட்டும் தெரியாதவை. வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் அது எதிர்கொள்ளப்போவது ஈரமற்ற நீண்ட மாதங்களை.

பட்டாசு பற்றிய பொது விவாதம் பெரிதும் புகையையும் காற்றையும் சுற்றியே நடந்துவந்துள்ளது. உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பும், அதைத் தொடர்ந்த பசுமைப் பட்டாசு முயற்சியும் அவ்வகையின. வெடிக்கும் ஊரின் காற்றுக்குக் கிடைத்த கவனம் செய்யும் ஊரின் நீருக்குக் கிடைக்கவில்லை. அந்த நீரை மரத்தவளை மட்டும் பயன்படுத்தவில்லை என்பதால், அயோடின் கடத்தியைக் குறித்த கேள்வி அத்தொட்டியருகே வாழும் மனிதருக்கும் பொருந்துவதே. 2013ஆம் ஆண்டுக் கட்டுரையும் அக்கவலையை வெளிப்படையாகவே குறிப்பிட்டுள்ளது.

ஆய்வுக்குரிய வழி

மேற்கூறிய இணைப்பில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே நிறுவப்பட்டது. முழுத் தொடரும் புள்ளி மரத்தவளையில் நேரடியாகச் சோதிக்கப்பட வேண்டியது. அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மலையடிவாரத் திருவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்து சிவகாசி வரை, நுரைக்கூடு காணப்படும் கிணறுகளையும் தொட்டிகளையும் வரிசையாகத் தெரிவு செய்து, அவற்றின் பெர்குளோரேட், நைட்ரேட், அயோடைடு அளவுகளைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் குறிக்கலாம். அயோடைடு மிகுந்த நீரில் பெர்குளோரேட்டின் தடை குறையும் என்பதால் மூன்றையும் சேர்த்தே அளக்கவேண்டும். பெர்குளோரேட்டை மட்டும் அளக்கும் ஆய்வு தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

கரையேறும் பருவத்துச் சிறு தவளைகளின் முதுகுத் தோலில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை துகள் சுரப்பிகள், எத்தனை சளிச் சுரப்பிகள் உள்ளன என்பதைத் திசுச் சீவல்களில் எண்ணலாம். கல்லூரி விலங்கியல் துறைகளில் உள்ள நுண்ணோக்கியே போதும். தைராய்டுச் சீவலையும் உடன் எடுத்தல் நன்று. வளர்ச்சித் தாமதம் புலப்படாத குறைந்த செறிவிலும் தைராய்டுத் திசுவில் மாற்றம் தெரிவது நகத்தவளையில் காணப்பட்டது. வளர்ந்த தவளைகளில் நார்அட்ரீனலின் தூண்டலால் சுரப்பைச் சேகரித்து, நிறை நிறமாலையில் பெப்டைடுகளின் பட்டியலைப் பெற இயலும். இது சிவகாசிக்கு அப்பாலும் பயன்படும் தரவு. ராகோஃபோரிடே குடும்பத்தின் வேதியியலில் உள்ள இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

ஆய்வகத்தில் அமைக்கவேண்டிய சோதனையில் ஒரு குழுவை மறக்கலாகாது. பெர்குளோரேட் கலந்த நீரில் வளரும் தலைப்பிரட்டைகளுள் ஒரு பகுதிக்குத் தைராக்சினை வெளியிலிருந்து கொடுக்கவேண்டும். அக்குழுவில் கால்களும் சுரப்பிகளும் உரிய காலத்தில் தோன்றினால், காரணம் தைராய்டுத் தடையே என்று கொள்ளலாம். தோன்றாவிடில், ஆலைக் கழிவிலுள்ள பேரியம், அலுமினியம் முதலிய உலோகங்களின் பக்கம் ஆய்வைத் திருப்பவேண்டியிருக்கும்.